இருநூற்றுப் பதினோராம் பக்கத்து ஆள்

நாவலின் இருநூற்றுப் பதினோராம் பக்கத்தை முதல் வாசகர் படித்து முடித்த காலையில், ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் நெஞ்சில் மிளகளவு ஓட்டை ஒன்று விழுந்தது. ரத்தம் வரவில்லை. வலியும் இல்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர், முதுகுப் பக்கத்து ஜன்னல் காற்று தன் வழியாக முன்னால் வருவதை உணர்ந்து மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். ஓட்டைக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு மாடியில் காயும் நீலத் துண்டு தெரிந்தது. "எங்கயாச்சும் இடிச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றார். பஞ்சை உருட்டி அடைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டி, வேலைக்கு அனுப்பிவைத்தாள். அந்த வாரமே இன்னும் சில ஓட்டைகள் விழுந்தன. கம்ப்ரஸர் பக்கம் குனிந்து நிமிரும்போதெல்லாம் அவரிடமிருந்து மெலிதாக விசில் சத்தம் வர ஆரம்பித்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் பின்சுவரில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. வலி இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றதும், "அப்போ தண்ணி நிறையக் குடிங்க" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

காரணம் தெரிந்தது ஒரு வாடிக்கையாளர் வீட்டில். மெக்கானிக் ஃப்ரிட்ஜைப் பிரித்து வைத்திருந்தார். வீட்டுக்காரர் சோபாவில் சாய்ந்து தடிப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தைப் புரட்டிய அதே நொடியில் மெக்கானிக்கின் தோள்பட்டைக்குக் கீழே புதிதாக ஒரு விசில் கேட்டது. வீட்டுக்காரர் தலையைத் தூக்கி, சாம்பல் நிறப் பையைப் பார்த்தார், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த செம்புக் குழாயைப் பார்த்தார், கருகிப்போன இடது கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். "அட, நீங்கதானா அது! இப்பத்தான் உங்களைச் சுட்டாங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

எழுதியவர், மெக்கானிக் வசித்த அதே குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருந்த மேஜர். மேஜர் என்பது அவர் பதவி அல்ல. ராணுவக் கிடங்கில் கம்பளியும் காலுறையும் எண்ணியே காலம் தள்ளியவர். துப்பாக்கிக்கு மிக அருகே போனது, துப்பாக்கி எண்ணெய் வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்துப் போட்ட அன்றுதான். ஓய்வு பெற்றபின் கறுப்புக் கண்ணாடி வாங்கினார். தெரு தன் செலவில் பதவி உயர்வு கொடுத்தது. அதற்கு மரியாதை செய்யும் விதமாக அவர் பயங்கரவாத ஒழிப்புப் படை ஒன்றைப் பற்றி ஐந்நூறு பக்கத்துக்கு நாவல் எழுதினார். பெயர் 'இரும்பு விடியல்'. நாயகன் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, தாடையை மட்டும் அடிக்கடி இறுக்கிக்கொள்வான். பாதிக் கதையில் அவனுக்கு ஒரு துக்கம் தேவைப்பட்டது. என்ன துக்கம் என்று தெரியாமல் மேஜர் பல நாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. மெக்கானிக் வந்தார். அவருக்கு ஒரு பழக்கம்: அழைப்பு மணி இருந்தாலும் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் கதவை இரண்டு தட்டு தட்டுவார். மணியை நம்பக் கூடாது, பாதி வீட்டில் அது வேலை செய்யாது என்பது அவர் அனுபவம். அன்று ஃப்ரிட்ஜும் சரியாயிற்று, கதையும் சரியாயிற்று. இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில், மாடிப்படியில் பையோடு நின்று கதவை இரண்டு தட்டு தட்டுகிற ஓர் ஆளை, குண்டு வைக்க வந்தவன் என்று நினைத்து நாயகன் சுட்டுவிடுகிறான். பையைத் திறந்தால் செம்புக் குழாய். நாயகன் படியில் உட்கார்ந்து அரைப் பக்கம் அழுகிறான். அடுத்த பக்கத்திலிருந்து கனத்த மனதோடு சுடுகிறான்.

மெக்கானிக்கின் மனைவி மெத்தை கம்பெனி ஒன்றில், வாங்கியவர்கள் இணையத்தில் எழுதும் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலையில் இருந்தாள். முதுகு வலிக்கிறது என்பவருக்கும், மெத்தை சதுரமாக இருக்கிறது என்பவருக்கும், "தங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரே வாக்கியத்தை எழுதுவாள். வாங்காதே என்று மட்டும் யாருக்கும் சொல்லக் கூடாது. அது கம்பெனி விதி. ஆகவே நட்சத்திரங்களின் சங்கதி அவளுக்கு அத்துப்படி. வேலைக்கு நடுவே நாவலைப் பற்றி வந்த கருத்துகளை ஒன்று விடாமல் படித்தாள். கையில் எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். கீழே வைத்தபின் கையில் எடுக்கவே முடியவில்லை என்று இன்னொருவர் இரண்டு கொடுத்திருந்தார். முன்னாள் சிப்பாய் ஒருவர், அந்த வகைத் துப்பாக்கிக்குப் பாதுகாப்பு விசை இடது பக்கம் கிடையாது என்று படம் போட்டு விளக்கி, இதைக்கூட விசாரிக்காதவர் எதற்கு எழுத வேண்டும் என்று பொங்கியிருந்தார். நாடு இப்போது படிக்க வேண்டிய நூல் என்றார் ஒருவர். பார்சல் நனைந்து வந்தது என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டார். பெண் பாத்திரங்களே இல்லையே என்று ஒரு கல்லூரி ஆசிரியை வருத்தப்பட்டதற்கு, ஏன் இல்லை, நாயகன் மனைவி முதல் பக்கத்திலேயே சாகிறாளே என்று கீழே பதில் வந்திருந்தது. இருநூற்றுப் பதினோராம் பக்கத்தைப் பற்றி மட்டும் பெரிய சண்டையே நடந்தது. நாயகனின் கண்ணீர் என்னை உலுக்கிவிட்டது என்று ஒரு கட்சி. ஜெட் வேகத்தில் போன கதை மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டது என்று எதிர்க்கட்சி. படியில் செத்துக் கிடந்த ஆளைப் பற்றி இரு தரப்பிலும் யாருக்கும் எந்தக் கருத்தும் இல்லை. கூட்டிக் கழித்து நாவல் மூன்றரை நட்சத்திரத்தில் நின்றது.

ஒன்றை மட்டும் அவள் சீக்கிரம் புரிந்துகொண்டாள். திட்டியவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம்வரை வந்ததே இல்லை. நாற்பது பக்கத்தோடு தூக்கிப் போட்டேன் என்று எழுதியவரை அவள் மனதுக்குள் கும்பிட்டாள். நல்ல கருத்து வந்தால்தான் பயம். மாலையில் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கணவரின் சட்டையைக் கழற்றிப் பார்ப்பாள். தான் மட்டும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்று உறுதியாக இருந்தாள். பெரிய வாசகர் சங்கம் ஒன்று அதை அந்த மாதத்து நூலாகத் தேர்ந்தெடுத்தபோது மெக்கானிக்கின் நெஞ்சு சல்லடை ஆகியிருந்தது. மழையில் நடந்தால் முதுகில் பட்ட தூறல் முன்பக்கம் வந்தது. அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. "வெயில் காலத்துக்கு நல்லதுதான், புழுங்காது" என்றார். அவளால் சிரிக்க முடியவில்லை.

கடைசியில் மூன்றாவது மாடிக்கு ஏறினாள். கதவைத் திறந்தது மேஜர் வீட்டம்மா. அந்த அம்மாவின் வழியாகப் பின்னாலிருந்த சமையலறைத் தொட்டியும், அதில் கிடந்த இரண்டு தட்டுகளும் தெளிவாகத் தெரிந்தன. "உனக்கும் ஆரம்பிச்சிருச்சா?" என்று கேட்டாள்.

"எனக்கில்ல அக்கா, அவருக்கு."

"என்னை முதல் பக்கத்துலயே கார்ல குண்டு வெச்சுத் தூக்கிட்டார். அவனுக்குக் கோபம் வரணுமாம். வாங்கினவன் எல்லாரும் முதல் பக்கத்தையாவது படிச்சுடறானே, எனக்கு ஒரே வாரத்துல எல்லாம் முடிஞ்சுது. ஒண்ணும் பண்ணாது, பழகிடும். கண்ணாடியில தலை வாரத்தான் கொஞ்சம் கஷ்டம். உள்ள வா."

மேஜர் மெக்கானிக்கின் மனைவி சொன்னதை முழுக்கக் கேட்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "பாரும்மா, ஒரு கதாபாத்திரம் பிறந்தப்புறம் அது என் கையில இல்ல. அதுவா நடக்கும், அதுவா சாகும்."

"இவர் உங்க ஃப்ரிட்ஜை ரிப்பேர் பண்ண வந்தவருங்க. அதுவா வரல. நீங்க போன் பண்ணித்தான் வந்தாரு."

"அந்தக் கட்டத்தை எடுத்துட்டா நாயகனோட அக வளர்ச்சி என்ன ஆகறது?"

உள்ளேயிருந்து மேஜர் வீட்டம்மாவின் குரல் வந்தது. "அவன் வளர்றதுக்கு வீட்ல இருக்கிறவங்க எல்லாம் தேயணுமாக்கும்!"

மேஜர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாசகர்கள் என்ன நினைக்கிறார்களோ அதன்படி அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார். போகும்போது ஒரு பிரதியில், 'என் நாவலுக்கு உயிர் கொடுத்தவருக்கு' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவள் அதைக் கொண்டுவந்து, சொந்தக்காரர் மெக்கானிக் என்பதாலேயே நெடுங்காலமாக ரிப்பேராகிக் கிடந்த தங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் தலையில் வைத்தாள்.

வாசகர்கள் நினைக்க வேண்டும் என்றால் வாசகர்களிடமே சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாள் மெத்தைகளுக்கு வருந்தி முடித்துவிட்டு, பழகிய நடையிலேயே எழுதினாள்: "வணக்கம். இந்த நாவலின் 211ஆம் பக்கத்தில் சாகிறவர் என் கணவர். உண்மையில் அவர் உயிரோடு இருக்கிறார். நீங்கள் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது அவருக்கு ஓட்டை விழுகிறது. தயவுசெய்து 210ஆம் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளவும். தங்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்." மூன்று நட்சத்திரம் போட்டாள். குறைத்துப் போட்டால் வயிற்றெரிச்சல் என்பார்கள் என்று பயம். வாங்க வேண்டாம் என்று எழுத அப்போதும் அவள் கை வரவில்லை.

இப்படி ஒரு அற்புதமான கருத்தை இதுவரை யாரும் எழுதியதில்லை என்று வாசகர்கள் தீர்மானித்தார்கள். நாவலைவிட இது நன்றாக இருக்கிறது என்றார்கள். எடுத்து எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார்கள். பயங்கரவாதத்திலோ படையிலோ நாட்டமே இல்லாத, காதல் கதைகளை மட்டும் படிக்கிற, எதையுமே படிக்காத ஆட்கள் எல்லாம் கடைக்குப் போய், அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்து, நேராக இருநூற்றுப் பதினோராம் பக்கத்தைப் பிரித்து நின்றபடியே படித்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள். அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது மெக்கானிக் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் இருந்தார். கழற்றிப் பார்க்கக் கை நீட்டினாள். "வேணாம், விடு" என்றார். கழுத்துப் பட்டிக்குள் நாற்காலியின் சாய்மானம் தெரிந்தது. "நான்தாங்க பண்ணேன்" என்றாள் அவள். "நீ நல்லதுக்குத்தானே எழுதின" என்று சட்டை சொன்னது. எழுதியதை அவள் நீக்கினாள். நீக்கிவிட்டார்கள் பார்த்தீர்களா, ஏதோ இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் பேர் வாங்கினார்கள்.

இரண்டாம் பதிப்பில் மேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வாசகர் கருத்துகளை எல்லாம் அலசி, அழுகை வேண்டும் என்பவர்களையும் வேகம் வேண்டும் என்பவர்களையும், நாயகன் தவறு செய்யலாமா என்று மனம் புண்பட்டவர்களையும் ஒருசேரத் திருப்திப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தார். பையில் செம்புக் குழாய்க்குப் பதிலாக நிஜமாகவே குண்டை வைத்துவிட்டார். அழுகைக்கு வேலை இல்லாமல் போயிற்று. நாயகன் தாடையை ஒருமுறை இறுக்கிக்கொண்டு படியில் தாவி ஏறினான். நாவல் நான்கு நட்சத்திரத்தைத் தொட்டது. அந்த வாரத்திலிருந்து மெக்கானிக்கின் பை தூக்க முடியாத கனம் கனத்தது. திறந்து பார்த்தால் எப்போதும் இருக்கிற குழாயும் கேஸ் டப்பாவும்தான். தெரு நாய்கள் பையைப் பார்த்துக் குரைத்தன. வாடிக்கையாளர்கள் கதவின் கண்ணாடித் துளை வழியே பார்த்துவிட்டு, வீட்டில் ஆளில்லாத மாதிரி அசையாமல் நின்றார்கள். ஃப்ரிட்ஜுக்குள் பால் கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்றிருந்தார்கள். காவலாளிகள் முதலில் பையை வெளியே வைக்கச் சொன்னார்கள். பிறகு அவரையே வெளியே நிற்கச் சொன்னார்கள். "முதல் பதிப்புலயாவது நல்ல மனுஷனா செத்தாருங்களே" என்று அவள் மேஜர் வீட்டம்மாவிடம் சொல்லி அழுதாள். அந்த அம்மா அவள் தோளைத் தொட்டாள். தொட்டது தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அரைக்கைச் சட்டையும் கால்சட்டையுமாக நாற்காலியில் இருந்த மெக்கானிக், ஃப்ரிட்ஜின் தலையில் இருந்த புத்தகத்தைப் பற்றிக் கேட்டார். அது முதல் பதிப்பு.

"அதுல என்னதான் எழுதியிருக்கார்? ஊரே படிச்சிருச்சு. நமக்குத்தான் தெரியல. படியேன்."

"நான் மாட்டேன்."

"இனிமே என்ன மிச்சம் இருக்கு, ஓட்டை விழறதுக்கு? ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லு. அந்த ஆளுக்கு வீடு வாசல்னு ஏதாச்சும் இருக்கா? யாராச்சும் தேடுறாங்களா?"

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு புத்தகத்தை இறக்கி, தூசி தட்டி, பக்கத்தைத் தேடிப் பிரித்தாள். உதடு அசையாமல் படித்தாள். இரண்டு தட்டு. ஒரு தோட்டா. 'அவன் சரிந்தான்' என்று மூன்று வாக்கியம். பை, குழாய். அதற்கப்புறம் பக்கத்தின் அடிவரை நாயகன்தான் அழுதுகொண்டிருந்தான். அந்த ஆளுக்குப் பெயர் இல்லை, வீடு இல்லை. யாரும் தேடவில்லை.

"இருக்குங்க" என்றாள். "பொண்டாட்டி இருக்கா. இவ்ளோ நேரமாச்சே, இன்னும் ஆளைக் காணோமேன்னு வாசல்ல நின்னு தெருவைப் பாத்துக்கிட்டிருக்கா. சோறு ஆறிப்போகுதேன்னு திட்டிக்கிட்டு நிக்கிறா."

"திட்றாளா?"

"ஆமா. ஒரு போன் பண்ணக்கூடாதான்னு."

"அப்போ சரியாத்தான் எழுதியிருக்கார்" என்றது குரல். திருப்தியாக இருந்தது போலக் கேட்டது. சட்டை மெதுவாக நாற்காலியில் படிந்தது. ஒரு கை, பிறகு இன்னொரு கை. அவள் அதை எடுத்து உதறி, மடித்து வைத்தாள். அடுத்த பக்கத்தைப் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்றாம் பதிப்பும் வந்தது. துப்பாக்கியின் பாதுகாப்பு விசையை மேஜர் வலது பக்கத்துக்கு மாற்றிவிட்டதாகக் கேள்வி. மெத்தை கம்பெனியில் அவள் இன்னும் வருந்திக்கொண்டிருக்கிறாள். மாலையில் விளக்குப் போடுகிற நேரத்துக்கு வாசல் கதவில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் இரண்டு தட்டு கேட்கும். அவள் எழுந்துபோய்த் திறப்பாள். காற்று உள்ளே வரும். வந்து சேர்ந்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சோற்றுத் தட்டை எடுத்து வைப்பாள். படியில் ஏறி இறங்குகிறவர்கள் அதற்காக நிற்பதில்லை. மேஜர் வீட்டம்மா மட்டும் மேலே போகிற வழியில் ஒரு வார்த்தை கேட்பாள், குரல் வருகிற திசையை வைத்து இன்ன படியில் நிற்கிறாள் என்று இவள் தெரிந்துகொள்வாள்.

"வந்துட்டாரா?"

"வந்துட்டாரு அக்கா."