மூன்று கிலோ பொய்

எடை மெஷின் பழுது பார்ப்பது என் தொழில். கிராம் பிசகினாலும் விடமாட்டேன். அப்படிப்பட்ட நானே என் அக்கா வீட்டு மெஷினைத் திருட்டுத்தனமாகத் திருத்தினேன் என்றால், எவ்வளவு நொந்துபோயிருந்தேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா நூலகத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு வருடமாக எதிலும் பிடிப்பில்லை. அழுகை வந்தால் பிஸ்கட் தின்பாள், தின்றதை நினைத்து மறுபடி அழுவாள். காலையில் மெஷினில் ஏறுவாள், முள் நூற்றி நான்கைக் காட்டும், திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வாள். வேலைக்கு நீண்ட விடுப்பு. டாக்டரம்மா இதற்கு மனச்சோர்வு என்று பேர் சொல்லி மாத்திரை கொடுத்தார். உடம்பும் மனசும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும், இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். சொந்தக்காரர்களோ ஆளாளுக்கு அவளை வாயைக் கட்டச் சொன்னார்கள். தங்கள் வாயை ஒருத்தரும் கட்டவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்வீஸ் என்று சொல்லி அவள் மெஷினின் அடித்தகட்டைக் கழற்றினேன். ஆள் ஏறாதபோது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் உள்ளே நெம்புகோலை மட்டும் மயிரிழை நகர்த்தினேன். அக்கா ஏறினாள். நூற்றி மூன்றரை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் குனிந்து பார்த்தாள்.

"பரவால்லையேடா முள்ளு," என்றாள். நான் ஒல்லி என்பதால் அவள் வைத்த பெயர் அது.

ஒரேயடியாகக் குறைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எனவே ஞாயிறுதோறும் சர்வீஸ், ஞாயிறுதோறும் அரைக் கிலோ. கால் மணி நேர வேலைதான். ஆனால் டீ போட்டு, சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக இரண்டு பேரும் வறுத்தெடுத்து முடிப்பதற்குள் மதியமாகிவிடும். நாலாவது வாரம் தலை வாரியிருந்தாள். ஆறாவது வாரம் என்னோடு தெருமுனை வரை நடந்து வந்தாள். முள் நூற்றி ஒன்றில் இருந்தது. எல்லாம் நெம்புகோலின் மகிமை என்று நான் மார்தட்டிக்கொண்டேன்.

பிறகு ஒரு கிடங்கில் லாரி எடை போடும் மேடை படுத்துவிட்டது. மூன்று ஞாயிறு அங்கேயே போயின. இனி பொய் தன்னால் ஓடும் என்று நானும் இருந்துவிட்டேன். போனில் அக்கா "ம்" என்பதோடு சரி.

நேற்று டாக்டரம்மாவின் கிளினிக்கிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். மெஷின் தப்பு என்று ஒரு பேஷன்ட் அடம்பிடிக்கிறாராம், மெக்கானிக் வராமல் இறங்கமாட்டாராம். போய்ப் பார்த்தால், மெஷின் மேல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அக்கா.

"வீட்டுல நூத்தி ஒண்ணு. இங்க நூத்தி நாலு. பாத்துச் சொல்லு," என்றாள்.

போன மாதம்தான் அந்த மெஷினை நான் சரிபார்த்து என் முத்திரையை ஒட்டியிருந்தேன். சரி என்றால் அக்கா திரும்பவும் படுத்துவிடுவாள். தப்பு என்று சொல்லித் திருத்தினால், வருகிற நோயாளிக்கெல்லாம் என் பொய்தான். அக்காவை இறங்கச் சொல்லிவிட்டு, கொண்டுவந்த இருபது கிலோ எடைக்கல் ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தேன். அவசரமே படவில்லை. நூறு, துளி பிசகில்லை. நர்ஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சரிதான்க்கா. வீட்டு மெஷின்தான் பொய் சொல்லுது. நான்தான் சொல்ல வெச்சேன்."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"தெரியும்," என்றாள். "ரெண்டாவது வாரமே தெரியும். வீட்டு மெஷினுக்கு எவன்டா வாராவாரம் சர்வீஸ் பண்ணுவான்?"

அப்புறம் எதற்கு இந்த ரகளை என்று கேட்டேன். அவள் எடைக்கற்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூணு வாரமா நீ வரல. ஃபோன எடுப்பேன், வாடான்னு சொல்ல வாய் வராது. மெஷின் ரிப்பேர்னா ஓடி வருவேல்ல."

நான் கற்களைப் பெட்டியில் அடுக்கி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

"வா. ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வராத," என்றாள்.