ட்ராம் வண்டிக்கு ஒரு சிலுவை

ஜம்புலிங்கம் காண்ட்ராக்டர் வீட்டுக்குக் கிரேசி மீன் கொண்டுபோவதை அந்தமான் ஜங்கிளிகாட்டில் பலருக்குப் பொறுக்கவில்லை. "புருசனை முழுங்கினவன் வீட்டுக்கா மீன் கொடுக்கே?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. கொடுக்கத்தான் கொடுத்தாள். வெறுங்கையோடு போனால் காவல்காரன் தெருவிலேயே நிறுத்திவிடுவான். கூடையோடு போனால் உள்ளே விடுவான். உள்ளே போனால்தானே காண்ட்ராக்டரின் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியும்?

கேட்பது ஒன்றே ஒன்றுதான். "எங்க வீட்டு ஆளு இருக்காவளா, செத்தாவளா? ஒரு வார்த்தை சொல்லுங்க மொதலாளி."

அவர் பதிலும் மாறாது. "எத்தனை தடவைடி சொல்றது? உன் ஆளு சொல்லாம கொள்ளாம கப்பல் ஏறி மெயின்லாண்ட் போயிட்டான். அங்கே எவளோடயாவது குடித்தனம் நடத்துவான். போ, போ."

செபஸ்தியானா? மணப்பாட்டுக் கடற்கரையில் பிறந்து, கல்யாணத்தன்றைக்குக்கூட அவளை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்ட மனுசனா இன்னொருத்தியோடு ஓடுவான்? தீவுக்கு வந்த புதிதில் வலை கைகொடுக்காமல் போக, ஜம்புலிங்கத்தின் காட்டு கேம்ப்பில் வேலைக்குச் சேர்ந்தான். வெட்டிய மரத்தடிகளைத் தெப்பமாகக் கட்டி, ஓடை வழியே கப்பலுக்குக் கொண்டுசேர்க்கிற வேலை. ஐம்பத்தேழாம் வருஷத்து மழையில் போனவன் திரும்பவில்லை. கேம்ப்பில் மரம் வெட்ட மலைநாட்டிலிருந்து வந்திருந்த ராஞ்சிக்காரன் ஒருவன் குடித்துவிட்டு அவள் வாசலில் உட்கார்ந்து, "லட்டா கிரா, பானி மே, கதம்" என்று அழுதான். தடி விழுந்தது, தண்ணியில் போச்சு, தீர்ந்தது. விடிந்து பார்த்தால் அவனையும் காணோம். வேறு தீவுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவளுக்குத் தெரிந்து என்ன பண்ண? பங்குச் சாமியார் நல்லவர்தான், ஆனாலும் அசையவில்லை. "செத்ததைப் பார்த்தவங்க ஒருத்தராவது வந்து சொல்லணும்மா. உயிரோட இருக்கிறவனுக்கு எப்படி மரித்தோர் பூசை வைக்கிறது?" கல்லறைத் திருநாள்தோறும் செத்தவர்கள் பேரையெல்லாம் பீடத்திலிருந்து வாசிப்பார்கள். பிறந்த அன்றே போன பிள்ளைகளின் பேர்கூட வரும். செபஸ்தியான் பேர் மட்டும் வராது. அவள் வீட்டில் முட்டிபோட்டு எத்தனை ஜெபமாலை சொன்னாலும் ஆறவில்லை. அவன் ஆத்துமா பாவம் தீரும்வரை வேகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் கேட்பாரில்லாமல் கிடக்கிறதே, ஊரார் வாயில் ஓடுகாலி என்ற பேரும் சேர்ந்துகிடக்கிறதே என்று வயிறு எரிந்தது. இப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

இந்த வருஷத் திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது காண்ட்ராக்டர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. பெரிய சுர்மாய் மீன் வேண்டுமாம், ஜல்தியாக வேண்டுமாம். ஜெர்மனியிலிருந்து துரை வந்திருக்கிறாராம்.

பின்வாசலில் உட்கார்ந்து மீனை அரிந்துகொண்டே கூடத்தைப் பார்த்தாள். லிண்ட்னர் என்ற அந்தத் துரை பழுத்த கிழவர், வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. சுற்றிலும் மேஸ்திரிகள், ஆபீஸ்காரர்கள். ஜம்புலிங்கம் சரிகை வேட்டியில் நடுநாயகமாக இருந்தார். துரை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, கிளார்க் ராஜமாணிக்கம் எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

துரை அவர் ஊர் ட்ராம் பட்டறையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஊர்ப் பேர் கிரேசி வாயில் நுழையவில்லை. ஊர் ட்ராமின் கதையைப் புஸ்தகமாகப் போட்டிருக்கிறார். அதில் ஒரு வண்டிக்கு அந்தமான் காட்டுப் படாக் மரப் பலகையில் பெஞ்சு செய்தவர் அவரேதானாம். அந்த மரம் வளர்ந்த இடத்தைப் பார்த்துவிட்டுச் சாகவேண்டும் என்று டில்லியில் பர்மிட் வாங்கி, கல்கத்தாவில் கப்பல் ஏறி வந்திருக்கிறார். மனுசனுக்கு இப்படியும் ஒரு பைத்தியம்.

"முதல்ல குதிரைதான் இழுத்துச்சாம்," என்றார் ராஜமாணிக்கம். "மேட்டுத் தெருவுல ஏற இன்னொரு குதிரை அடிவாரத்துல காத்துக்கிட்டிருக்குமாம். அப்புறம் கரண்ட் வந்துச்சு. சண்டையில ஆம்பிளைங்க எல்லாம் போயிட, பொம்பளைங்கதான் டிக்கெட் கிழிச்சிருக்காங்க. ஒரே ராத்திரி குண்டுவீச்சுல பாதி வண்டி எரிஞ்சு போச்சாம். சண்டை முடிஞ்சதும், இடிஞ்ச வீட்டுக் கல்லையும் மண்ணையும் அதே தண்டவாளத்துலதான் அள்ளிக்கிட்டுப் போனாங்களாம்."

"பார்த்தியா, ஜெர்மன்காரன்னா ஜெர்மன்காரன்தான்!" என்றார் ஜம்புலிங்கம்.

"நம்ம மெட்ராஸ்ல ட்ராம் மேல ஒரு குண்டும் விழலை. ஆனாலும் நிறுத்திப் பத்து வருஷமாச்சு," என்று ராஜமாணிக்கம் தன் பங்குக்குப் பெருமூச்சு விட்டுவிட்டுத் தொடர்ந்தார். "இந்த எண்பத்து மூணாம் நம்பர் வண்டி பிறந்தது இருபத்தாறுல. மஞ்சள் கலர். குண்டுவீச்சுல மரமெல்லாம் சாம்பலாகி, சக்கரமும் இரும்புச் சட்டமும்தான் மிச்சம். அந்தச் சட்டத்து மேலேயே புது உடம்பு கட்டியிருக்காங்க. பலகைக்குப் பஞ்சமாம், பழைய பெட்டி மரத்துல பெஞ்சு. அது இத்துப்போனதும் நம்ம படாக். இப்போ நடுவுல மடங்கித் திரும்புற நீள வண்டி வந்துடுச்சாம். அதனால இதையெல்லாம் ஒவ்வொண்ணா உடைக்கிறாங்களாம். சொல்லும்போதே துரைக்குக் கண்ணு கலங்குது பாருங்க."

கலங்கத்தான் செய்தது. கிழவர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். எல்லாரும் 'த்சொ த்சொ' என்றார்கள். புஸ்தகம் கைமாறி வாசலோரத்து ஸ்டூலுக்கு வந்தது. கிரேசி கையைக் கழுவிவிட்டு எட்டிப் பார்த்தாள். பக்கம் முழுக்க வண்டி நம்பர்கள். எந்த நாள் ஓடத் தொடங்கியது, எந்த நாள் பெயிண்ட் மாற்றியது, எந்த நாள் எங்கே முட்டிக்கொண்டது, எல்லாம் இருந்தது போல. சில நம்பருக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு குறி.

"கிளார்க்கய்யா, இது என்ன, சிலுவையா?"

ராஜமாணிக்கம் துரையிடம் கேட்டுச் சொன்னார். "ஆமாம்மா. இல்லாமப் போன வண்டிக்கு அது அடையாளமாம். பக்கத்துல போன தேதி."

கிரேசி விரலால் அந்தச் சிலுவைகளை எண்ணினாள். அடப்பாவிகளா! எரிந்துபோன இரும்புக்குச் சிலுவை! இத்தனை சிலுவை, வரிசை வரிசையாக, ஒரு கல்லறைத் தோட்டமே இருக்கிறது அந்தப் பக்கத்தில். எது எந்த நாள் போயிற்று என்று ஒருத்தன் உட்கார்ந்து விசாரித்து, ஒன்றுவிடாமல் எழுதி, அதற்குக் கண்ணீரும் விடுகிறான். அவள் புருசன் போன தேதி எவனுக்காவது தெரியுமா? ஒரு தகர டப்பா வண்டிக்கு இருக்கிற கதி அவனுக்கு இல்லையா? துரை மேல் அவளுக்குக் கோபமில்லை. அவர் தன் வண்டியை நேசித்தார், எழுதினார். ஆனால் அந்தச் சிலுவைகளுக்காக 'த்சொ' கொட்டினார்களே இந்த ஜனங்கள், செபஸ்தியான் காணாமல் போனபோது இவர்களில் ஒரு நாக்காவது அசைந்ததா?

அப்போதுதான் துரை இன்னொன்று கேட்க, ராஜமாணிக்கம் சொன்னார். "வண்டிக்கெல்லாம் கதை எழுதிட்டாராம். அந்தப் பலகைக்கு ஏதாவது கதை உண்டான்னு கேக்கிறார்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். துரை கொண்டுவந்த பாட்டில் பாதி காலியாகியிருந்தது. ஜம்புலிங்கத்துக்கு நெஞ்சு விம்மிவிட்டது. எந்தப் பலகை எந்தத் தடியில் அறுத்தது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். பெருமையடிக்க ஒரு வாய்ப்புக் கிடைத்தால் போதாதா?

"கதையா? அது சாதாரணத் தடியாய்யா? ரெண்டு யானை இழுத்தும் அசையலை. ஆள் பலி கேட்ட மரம்! ஓடையில இறக்கும்போது உருண்டு, தெப்பக்காரன் ஒருத்தனை அமுக்கிக்கிட்டு அடியில போயிடுச்சு. வேற எவனாயிருந்தாலும் விட்டிருப்பான். நான் விட்டேனா? கப்பல்காரன் ஊதிக்கிட்டே இருக்கான். தண்ணி வத்தட்டும்னு காத்திருந்து, சங்கிலி போட்டு, யானையை விட்டு இழுத்து, தடியைக் கப்பல்ல ஏத்தின பிறகுதான் சோறு தின்னேன். ஜெர்மனிக்குக் கொடுத்த வாக்குய்யா! சொல்லும், துரைகிட்டே சொல்லும்!"

ரெண்டு யானை இழுத்தும் அசையாதது வரைக்கும் சொல்லிவிட்டு ராஜமாணிக்கம் நிறுத்தினார். துரை விடவில்லை. மீதியையும் சொன்னதும், கிழவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"தடியை எடுத்தீங்க, சரி. அந்த ஆளை என்ன செஞ்சீங்கன்னு கேக்கிறார்."

"ஆளா? முதலை கிடக்கிற ஓடைய்யா அது. கப்பல் வேற காத்துக்கிட்டிருக்கு. யார் இறங்குவா?"

"பேர் என்னன்னு கேக்கிறார்."

ஜம்புலிங்கம் வாயைத் திறந்தார். கிரேசி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் கிளாஸை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க மொதலாளி. பேரு கேக்காருல்லா."

"எவனோ... ராஞ்சிக்காரன் ஒருத்தன்."

"ராஞ்சிக்காரனா? முழங்கால் தண்ணியைக் கண்டா ஒதுங்குத ஆளா உங்களுக்குத் தெப்பம் கட்டினான்? அந்த வருசம் உங்க தெப்பத்துல நின்ன கடக்கரை ஆளு யாரு? இங்க இருக்கிற மேஸ்திரிமாரைக் கேட்டுச் சொல்லுங்க!"

மேஸ்திரிகள் தரையைப் பார்த்தார்கள். அந்தக் குனிந்த தலைகளைக் கண்டதும் அவளுக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. எல்லாப் பயலுக்கும் தெரிந்திருக்கிறது! அவளிடம் மீன் வாங்கித் தின்றவன்கள், முள்ளைத் துப்பினார்களே தவிர உண்மையைத் துப்பவில்லை.

ராஜமாணிக்கம்தான், முதலாளி பக்கம் திரும்பாமல், துரையிடம் மெதுவாகச் சொன்னார். "செபஸ்தியான்." பிறகு கிரேசியைக் காட்டி இன்னும் ஏதோ சொன்னார்.

துரை எழுந்து நின்றுவிட்டார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, எண்பத்து மூன்றாம் நம்பருக்குப் பக்கத்தில் எழுதக் குனிந்தார்.

"வேண்டாம்னு சொல்லுங்க கிளார்க்கய்யா," என்றாள் கிரேசி. "அவரு நல்ல மனசுலதான் எழுதுதாரு. ஆனா உக்காருத பலகைக்குப் பெருமை சேக்கதுக்கா எங்க வீட்டு ஆளு செத்தாவ? அந்தப் பேரு கோயில்ல கேக்கணும். மொதலாளி, கிளம்புங்க. சாமியார்கிட்ட வந்து, இங்க சொன்னதை அப்படியே சொல்லணும். இல்லைன்னா நான் நேரா போலீஸ் டேசனுக்குப் போவேன். இத்தனை பேரு கேட்டிருக்காவ, துரையும் கேட்டிருக்காரு."

ஜம்புலிங்கம் கணக்குத் தெரிந்தவர். போலீசை விடச் சாமியார் மேல் என்று சட்டென்று விளங்கிவிட்டது. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். ராஜமாணிக்கமும் கூடவே போனார். மீன் அடுப்பில் தீய்ந்துகொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை.

சாமியார் வீட்டு வராந்தாவில் எல்லாவற்றையும் சொல்லிமுடிக்க அதிக நேரம் ஆகவில்லை. மழை, ஓடை, தடி உருண்டது, ஆள் திரும்ப மேலே வராதது. கிரேசி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெரிந்ததுதான், ஆனாலும் இன்னொருத்தர் வாயால் கேட்டபோது ஓவென்று அழுதாள். சாமியார் செபஸ்தியான் பேரை எழுதிக்கொண்டு, நாளை மறுநாள் பூசையில் முதல் பேராக வாசிப்பதாகச் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வந்த காரியம் முடிந்தது என்று புறப்படத்தான் இருந்தாள்.

சாமியார் பேனாவை மூடிவிட்டு ஜம்புலிங்கத்தைப் பார்த்தார். "ஏன்யா, இதைச் சொல்ல ஆறு வருஷமா?"

ஜம்புலிங்கம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "யாரும் கேட்கலையே, சாமி."

கிரேசி பாய்ந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். சரிகை வேட்டி அவிழ, முதலாளி தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார்.

"அப்போ நான் யாருலே? மாசா மாசம் உன் வாசல்ல வந்து நின்னேனே, நான் யாருலே?"

ராஜமாணிக்கம் விலக்கிவிடப் போனார். சாமியார் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.