அந்தப் பேரைச் சொல்லாதீங்க சார்

என் தம்பி சடையனைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை. மகள் அபிநயாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே டாக்டரைத் தனியாகப் பிடித்து, "எம் பொண்டாட்டிகிட்ட அந்தப் பேரைச் சொல்லாதீங்க சார். அவங்கம்மா அதுலதான் போனாங்க. தாங்க மாட்டா" என்று கெஞ்சியிருக்கிறான். டாக்டரும் மலர்விழியிடம் லுக்கேமியா என்று மட்டும் சொன்னார். ரெண்டு வருஷம் மருந்தை விடக் கூடாது என்றும் சொன்னார்.

அவளுக்கு அந்தப் பேர் பிடித்துப்போயிற்று. வெள்ளிமலை பஸ்ஸில் யார் கேட்டாலும், "லுக்கேமியாங்க. ரத்தத்துல வெள்ளையணு ஜாஸ்தியாம். புத்துகித்து ஒண்ணும் இல்ல" என்பாள் தெம்பாக. நானும் நம்பினேன்.

சில மாதங்களில் சோதனை நல்லபடியாக வந்தது. பிள்ளை மறுபடி பாண்டி ஆடினாள். தலையில்தான் ஒரு முடி இல்லை. நோய் தீர்ந்தால் குலசாமிக்கு மொட்டை போடுவதாக மலர்விழி வேண்டியிருந்தாள். சாமிக்கு முந்தி மருந்து எடுத்துக்கொண்டுவிட்டது.

"வெறுந்தலையோட போய் நின்னா சாமி ஏத்துக்குமா அண்ணி? கொஞ்ச நாளு மருந்த நிறுத்தினா வளந்துடும். மொட்டைய போட்டுட்டு மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கலாம்" என்றாள். சடையன் அப்போது கேரளாவில் மிளகு பறிக்கப் போயிருந்தான். போனில் "நல்லாருக்கா" என்று அவள் சொன்னதோடு சரி, அவன் மேற்கொண்டு கேட்கவில்லை.

முடி சுருட்டை சுருட்டையாக வளர்ந்தது. கண்ணு பட்டுவிடும் என்று என்னைக்கூடத் தொட விடமாட்டாள். தையில் மொட்டை என்று முடிவு செய்தோம். மார்கழியில் பிள்ளைக்கு ஈறில் ரத்தம் கசிந்தது, காய்ச்சல் இறங்கவே இல்லை.

சடையன் அலறியடித்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு டாக்டரம்மா இருந்தார். "கேன்சருக்கு யாராவது மருந்த நிறுத்துவாங்களா? திரும்பி வந்துடுச்சும்மா. இனிமே மருந்துக்குக் கேக்கறது கஷ்டம்."

"இல்லம்மா, எம் பொண்ணுக்கு லுக்கேமியா" என்றாள் மலர்விழி அவசரமாக.

"அதுவும் கேன்சர்தாம்மா. ரத்தத்துல வர்ற கேன்சர். யாரும் சொல்லலியா?"

சடையன் தலையைத் தொங்கப்போட்டான். அவனை அறைய வேண்டும்போல இருந்தது எனக்கு, அழுகைதான் வந்தது. மலர்விழி அவன் சட்டையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மாவ பக்கத்துல இருந்து பாத்தவங்க நானு. புத்துன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒரு வேளை மருந்தாவது வுட்டிருப்பனா? சொல்லுங்க, வுட்டிருப்பனா?"