நான்காவது வண்டி பேசுகிறது

கம்பெனியில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். வாயை மூடவே தெரியாத மனுஷர் என்பதால் வைத்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. நாலு ஸ்போர்ட்ஸ் கார்கள் வரிசையாகக் கிளம்பும். முதல் காரில் அவர் தனியாகப் போவார். பின்னால் வரும் மூன்றையும் ஆசைக்கு ஒருநாள் ஓட்டிப் பார்க்க வந்தவர்கள் ஓட்டுவார்கள். ஏரி, அணை, இரும்புப் பாலம் என்று வழியில் வருவதையெல்லாம் வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டே அவர்களை மலை உச்சிக்குக் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவர் வேலை.

புறப்படுமுன் தினமும் ஒரே பாடம், ஒரே ஜோக். "பட்டனை அமுக்கிட்டுப் பேசுங்க, பேசினதும் விட்டுடுங்க. ஒருத்தர் அமுக்கிட்டே இருந்தா மத்தவங்க பேச முடியாது, கேட்டுத்தான் ஆகணும். கல்யாணம் மாதிரின்னு வெச்சுக்கங்க."

அன்றைக்கும் சிரித்தார்கள். அவருடைய மகள் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டில் நூறு தடவை கேட்ட ஜோக்காயிற்றே என்று விட்டுவிட்டார்.

நான்காவதாக நின்ற சிவப்புக் கார் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும். மூன்றாம் வருஷக் கல்யாண நாளுக்கு அவர் கொடுத்த பரிசு. மாப்பிள்ளை பதவிசானவர், குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே இவர் ஆபீஸில் எல்லோர் காதையும் புளிக்க வைத்திருந்தார். வெயில் கொளுத்தும்போது மகள் எதற்குக் கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருக்கிறாள் என்று கேட்டதற்கு, தொண்டை சரியில்லை என்று மாப்பிள்ளையே பதில் சொன்னார்.

போன வருஷம் ஒருநாள் அவள் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் விஷயம் பெரிதாகிவிடுமோ என்று பயம். மறுநாள் காலையில் காரில் ஏற்றி, வழி நெடுக வேடிக்கை காட்டிக்கொண்டே போய், புருஷன் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எப்போது போன் பண்ணினாலும் 'சந்தோஷமா இருக்கேன்பா' என்பாள். அவருக்கும் அது போதுமாக இருந்தது.

ஏரிக்கரைக்கு வந்ததும் இடது பக்கம் பாருங்கள் என்று ஆரம்பித்தார். அணை எப்போது கட்டினார்கள், தண்ணீர் எத்தனை ஆழம் என்று சொல்லி மூச்சுவிட்டபோது கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் நாலு என்ற எண்.

"வெளிய பாக்காத." மாப்பிள்ளையின் குரல், அதே பதவிசு. "உங்கப்பா சொன்னா உடனே திரும்பிடணுமா?"

யாரோ தெரியாமல் பட்டனை அமுக்கியிருக்கிறார்கள், சொல்லிவிடலாம் என்று தன் கருவியை எடுத்தார். அமுக்கினால் கொர்ரென்ற சத்தம்தான் வந்தது.

"துணி நழுவுது. தெரியுது பாரு, இழுத்து விடு. மேல இறங்கினதும் உங்கப்பா கேப்பார். என்ன சொல்லுவ?"

"சந்தோஷமா இருக்கேன்னு."

"மூஞ்சிய அப்படி வெச்சிட்டு சொன்னா யார் நம்புவா? இன்னொரு தடவ."

"சந்தோஷமா இருக்கேன்."

"இன்னொரு தடவ."

அவர் போனில் கேட்டு நிம்மதியாகத் தூங்கப் போன அதே வார்த்தைகள், அதே இழுப்பு. இப்படித்தான் தயாராகியிருக்கின்றன. நடுவில் வந்த இரண்டு கார்க்காரர்களும் இதைக் கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். பட்டன் அமுங்கியிருக்கிறவரை சிவப்புக் காருக்குள் மட்டும் ஒன்றும் கேட்காது. உங்கப்பாவுக்கு வாய் ஓய்ந்துபோச்சு போல என்று மாப்பிள்ளை சிரித்ததுகூட அவர் காதுக்கு வந்து சேர்ந்தது; விளக்கு அணையவே இல்லை. இரும்புப் பாலம் வந்தது, போனது. முதல் தடவையாக அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

உச்சிவரை போகப் பொறுக்காமல், பாதியிலேயே ஓரமாக ஒதுக்கி, கையைக் காட்டி எல்லா வண்டிகளையும் நிறுத்தினார். இரண்டாவது காரில் வந்த பல் டாக்டர் தம்பதி காரைவிட்டு இறங்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். "வண்டி பிரமாதம், மாமா" என்றபடி மாப்பிள்ளை இறங்கினார். இவர் அவரைத் தாண்டிப் போய் மகள் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

அவள் மடியில் கைப்பை. பைக்கு அடியில் வாக்கிடாக்கி. அது தவறிப்போய் அமுங்கவில்லை. ரத்தம் செத்து வெளுத்துப்போன கட்டைவிரலால் அவள் அதை இன்னும் விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"போதும்மா, விடு," என்றார். "கேட்டுட்டேன்."

அந்தக் குரல் மற்ற மூன்று கார்களுக்குள்ளிருந்தும் கேட்டது. மாப்பிள்ளையின் முகத்திலிருந்து சிரிப்பு அப்போதுதான் இறங்கியது.

மகள் விரலை எடுத்தாள். "போன வருஷமே சொல்ல வந்தேம்பா," என்றாள். "நீங்கதான் பேசிட்டே வந்தீங்க."

அவர் அவளைக் கைப்பிடித்து இறக்கினார். தன் காரில் பக்கத்து ஸீட்டிலிருந்த தண்ணீர் பாட்டிலையும் தொப்பியையும் பின்னால் தள்ளிவிட்டு அவளை உட்கார வைத்தார். கம்பெனி விதிப்படி வந்த வழியே எல்லோரையும் அவர்தான் கூட்டிப் போக வேண்டும். ஏரி இப்போது வலது பக்கம் வந்தது. அவள் கழுத்துத் துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் ஒரு தடவை பார்த்தார், அதற்குமேல் பார்க்க முடியவில்லை. கண்ணாடியில் கடைசியாகச் சிவப்புக் கார் வந்துகொண்டே இருந்தது.