மார்வின் கணவாய்க்கு நாலு சிலிண்டர் போதுமா?

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் மானத்தை வாங்கக் கூடாது. கொலராடோவின் மேற்குச் சரிவில் நான் இருபத்தாறு வருடமாகக் குடியிருக்கும் ஊரில், டயர் கடையின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. பக்கத்தில் இரண்டு பேர், சின்ன எஸ்யூவி ஒன்றின் நாலு சிலிண்டர் எஞ்சினுக்குப் பலம் போதுமா போதாதா என்று அரை மணி நேரமாகத் தொண்டை கிழிய வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குதிரைத்திறன் கணக்கைச் சொன்னார். மற்றவர் தன் மாமனார் கதையைச் சொன்னார்.

மூலையில் அறுபதைத் தாண்டிய ஒரு பெண் பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தாள், சாவியை வாங்கினாள், கதவருகே நின்று திரும்பினாள்.

"அந்த எஞ்சின் போதும்," என்றாள். போய்விட்டாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவளுடையதும் அதே ரகச் சின்ன வண்டி. பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கி, பெயின்ட் உரிந்து பளபளவென்று தேய்ந்திருந்தது. எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான். பெயர் உட்பட மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

(இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என்னுடையதும் நாலு சிலிண்டர்தான். அதைக் கொடுத்துவிட்டு ஆறு சிலிண்டர் வாங்குவது பற்றி விசாரிக்கத்தான் அன்று அடுத்த கடைக்கும் போவதாக இருந்தேன்.)

2

தொடக்கங்கள்:

மலையுச்சியில் மேகங்கள் தவழ்ந்து

வேண்டாம்.

டார்லா பிக்ஸ்லர் அன்று தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கத்தினாள், ஏனென்றால்

இதுவும் வேண்டாம். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாக்கியம் கொஞ்சம் சத்தம் போடத் தொடங்கினால் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிடுவேன். அடக்கி எழுதுவதே அழகு என்று இளம் வயதில் யாரோ சொல்லிக் கொடுத்ததன் வினை. இந்தக் கதை நெடுக அறுந்த வாக்கியங்கள் கிடக்கும். மிதித்துவிடாமல் வாருங்கள்.

சரி, சும்மா சொல்கிறேன். டார்லாவுக்கு அறுபத்திரண்டு வயது. மிளகாய் போட்ட பீச் ஜாம் செய்வாள். கோடை முழுவதும் சனிக்கிழமைதோறும், மலையைத் தாண்டும் மார்வின் கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் சந்தை. அங்கே சர்ச் வாசலையொட்டிய மூலை இடம் பதினேழு வருடமாக அவளுடையது. சந்தைக்கு ஒரே ஒரு சட்டம்: எட்டு மணிக்கு மணி அடிக்கும்போது கடை நிற்க வேண்டும். பருவத்தின் முதல் சனிக்கிழமை தவறினால், காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருப்பவருக்கு இடம் போய்விடும். அழுதாலும் புரண்டாலும் திரும்ப வராது.

ஜாமும் கடைச் சாமானும் ஏற்றிய டிரெய்லரை இதுவரை இழுத்து வந்தது அவள் அண்ணன் வெண்டெல்லின் டீசல் பிக்கப். இழுப்பவன் வைத்ததே நேரம். பகல் பன்னிரண்டு அடித்தால் வெண்டெல் மீன் பிடிக்கக் கிளம்ப வேண்டும். கூட்டம் சேருவதே பன்னிரண்டுக்கு மேல்தான். பதினேழு வருடமாக டார்லா பாதி ஜாமைத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். இந்த வசந்தத்தில், யாரையும் கேட்காமல், ஒரு சின்ன எஸ்யூவி வாங்கினாள்.

3

விஷயம் காலைச் சாப்பாட்டுக் கடையில் வெடித்தது. வெண்டெல் முட்டையை வெட்டிக்கொண்டே, ஊரே கேட்கும்படி ஆரம்பித்தான்.

"டார்லா தையல் மெஷின் ஒண்ணு வாங்கியிருக்கா, பாத்தீங்களா? நாலு சக்கரம் வச்சது!"

"ஜாம் கடையை நானே இழுத்துட்டுப் போகப்போறேன்," என்றாள் டார்லா.

"எதுல? அதுலயா? கணவாய் பதினோராயிரம் அடி. அங்க எனக்கே மூச்சு வாங்கும்."

"உனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், வெண்டெல்."

கடையில் சிரிப்பு. அவனுக்கு முகம் சிவந்தது. "இந்தா, எல்லாரும் கேட்டுக்குங்க. அந்த வண்டி இந்த டிரெய்லரோட மார்வின் ஏறிடுச்சுன்னா என் மீசையை எடுத்துடறேன்."

வெண்டெல்லின் மீசை சாமானியமானதல்ல. இரண்டு பக்கமும் தாடைவரை இறங்கும். முப்பத்தெட்டு வருட வளர்ப்பு.*

* என் முதல் பிரதியில் வெண்டெல் கெட்டவனாக இருந்தான். எழுத எழுதச் சந்தேகம் வந்தது. பதினேழு வருடம் ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் தங்கைக்கு டிரெய்லர் இழுத்தவனை எப்படிக் கெட்டவன் என்பது? அவனுக்கு உதவி செய்யத் தெரியும், என்ன வேண்டும் என்று கேட்கத்தான் தெரியாது. அப்படியே விட்டுவிட்டேன்.

4

டார்லா முட்டாள் இல்லை. வண்டிக்கு ஆயிரத்து ஐந்நூறு பவுண்டுவரை இழுக்க அனுமதி. டிரெய்லரைத் தீவனக் கடையின் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தாள், ஆயிரத்து முந்நூறு. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது.

சந்தைக்குப் பத்து நாள் முன்னால் டிரெய்லரோடு கணவாய்க்கு வெள்ளோட்டம் போனாள். ஆறாவது மைலில் எஞ்சின் கத்தத் தொடங்கியது. டார்லா பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். வேகம் விழுந்தது. மறுபடி மிதித்தாள், மறுபடி கத்தியது, மறுபடி எடுத்தாள். கடைசியில் இருபது மைல் வேகத்தில் ஊர்ந்தாள். பின்னால் ஒன்பது வண்டிகள் வால் பிடித்தன. ஒதுங்குமிடத்தில் நிறுத்தி அவர்களுக்கு வழிவிட்டாள். கடந்து போன ஒவ்வொருவரும் நன்றி சொல்லிக் கை காட்டினார்கள். அந்த ஒன்பது கைகளும் அவளுக்கு எப்படி இருந்தன என்றால்

(விடுங்கள். அவமானமாக இருந்தது.)

மறுநாள் டயர் கடை மெக்கானிக் பெனீட்டா அராகோனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு திரும்ப ஏறினாள். அதே ஆறாவது மைல். அதே சத்தம். கால் தானாக மேலே வந்தது.

"ஏன் காலை எடுக்கறீங்க?" என்றாள் பெனீட்டா.

"கத்துதே! உனக்குக் கேக்கலையா?"

"கேக்குது. கத்தட்டும். நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுத்து போறதுக்குன்னே செஞ்ச எஞ்சின் இது. உங்க அண்ணன் டீசல் அடித்தொண்டையிலயே இழுக்கும். இது உச்சத்துக்குப் போனாத்தான் இழுக்கும். நீங்க பாதியிலயே வாயைப் பொத்தினா அது என்னதான் பண்ணும், பாவம்?"

"வெடிச்சுருச்சுன்னா?"

"சூட்டு முள்ளைப் பாருங்க. நடுவுல நிக்குதா? அப்ப அது சாகல, வேலை செய்யுது. மேல போகப் போகக் காத்து குறைஞ்சு மூணுல ஒரு பங்கு பலம் போயிடும். மிச்சம் ரெண்டு பங்கு போதும். அதை நீங்க முழுசா எடுத்துக்கணும், அவ்வளவுதான்."

டார்லா ஓட்டப் பழகியது அப்பாவின் எட்டு சிலிண்டர் பிக்கப்பில். அது முனகிக்கொண்டே மலை ஏறும். அந்த வீட்டில் எஞ்சின் கத்தினால் ஏதோ உடையப்போகிறது என்று பொருள். இந்தப் பள்ளத்தாக்கில் அவள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அதே காதுதான். சின்ன எஞ்சின் வாங்குவார்கள், பெரிய எஞ்சின்போல ஓட்டுவார்கள், பலமே இல்லை என்று திட்டிக்கொண்டே விற்றுவிடுவார்கள்.

(நீங்கள் நினைப்பது தெரிகிறது. "அந்த வீட்டில் குரலை உயர்த்தாத பெண்கள்" என்று ஒரு வாக்கியம் இங்கே வரப்போகிறது என்றுதானே? எழுதினேன், அடித்துவிட்டேன். இது எஞ்சின் பற்றிய கதை.)

5

முதல் சனிக்கிழமை. விடியும்போதே கிளம்பிவிட்டாள். ஏற்றம் தொடங்குமிடத்தில் கண்ணாடியில் பார்த்தால், பின்னால் வெண்டெல்லின் டீசல் வருகிறது. இழுவைக் கயிற்றை முன் இருக்கையிலேயே வைத்திருந்தான், வழியில் நின்றுபோகும் தங்கையை இழுத்துப் போக.

ஆறாவது மைலில் எஞ்சின் கத்தியது. டார்லா காலை எடுக்கவில்லை. நாலாயிரம். நாலாயிரத்து ஐந்நூறு. வெண்டெல் விளக்கை அடித்து அடித்துக் காட்டினான். ஹாரன் அடித்தான். பிறகு போன் மணி. ஒலிபெருக்கியில் போட்டாள்.

"காலை எடு! எஞ்சின் சத்தம் எனக்கு இங்க கேக்குதுடி! வெடிக்கப் போகுது!"

"முள்ளு நடுவுலதான் நிக்குது."

"என்ன முள்ளு? நிறுத்து, நான் இழுத்துட்டுப் போறேன்! மணி அடிக்கறதுக்குள்ள கொண்டுபோய் விட்டுடறேன், சத்தியமா!"

அவன் குரலில் கிண்டல் இல்லை, பயம் இருந்தது. அதுதான் அவளை ஆட்டியது. ஒதுங்குமிடம் முன்னால் தெரிந்தது. அதில் நிறுத்தினால் கடை நிச்சயம் பிழைக்கும். ஆனால் இந்தச் சனியும் அடுத்த சனியும் இனி வரும் எல்லாச் சனிக்கிழமைகளும் பன்னிரண்டு மணியோடு முடியும். அந்த இடத்தில் டார்லா

இல்லை. இந்த முறை நானும் பேனாவை எடுக்கப்போவதில்லை.

அந்த இடத்தில் டார்லா ஆக்சிலேட்டரைத் தரையோடு வைத்து அழுத்தினாள், ஐயாயிரம், எஞ்சின் தொண்டை திறந்து கதறியது, ஒதுங்குமிடம் பக்கவாட்டில் வந்து பின்னால் போனது, ஜாம் பாட்டில்கள் கலகலவென்று குலுங்கின, வேகம் முப்பத்தைந்து, நாற்பது, நாற்பதிலேயே நின்றது, குறையவே இல்லை, பத்தாவது மைல், பன்னிரண்டாவது மைல், மரங்கள் முடிந்து வெறும் பாறையும் பழைய பனியும் வந்தன, காற்றே இல்லாத அந்த உயரத்தில் இரண்டு பங்கு பலத்தை ஒரு துளி விடாமல் எடுத்துக்கொண்டு அந்தத் தையல் மெஷின் ஏறியது, கூடவே டார்லாவும் கத்தினாள், வார்த்தை எதுவும் இல்லாமல், ஜன்னலை இறக்கிவிட்டு, அறுபத்திரண்டு வருடத்தில் கத்தாததையெல்லாம் சேர்த்து, கணவாயின் பெயர்ப்பலகை வந்தபோதும் நிறுத்தாமல் கத்தினாள். எனக்கு எழுதும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. சொல்ல என்ன வெட்கம்?

6

ஏழு முப்பத்தெட்டுக்கு மூலை இடத்தில் கடை நின்றது.

இதற்குமேல் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வெண்டெல்லின் டீசல் வழியில் படுத்துவிடுகிறது, டார்லா அதை இழுத்து வருகிறாள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆயிரத்து முந்நூறு பவுண்டு இழுக்கும் வண்டி ஏழாயிரம் பவுண்டு பிக்கப்பை இழுத்தது என்று எழுதினால் டயர் கடையில் என்னை உள்ளே விடமாட்டார்கள். இன்னொன்றில் அண்ணனும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அவர்களை எனக்குத் தெரியும். அழமாட்டார்கள்.

நடந்தது இதுதான். வெண்டெல் வந்தான். டார்லா வண்டியின் முன்பக்க மூடியில் கையை வைத்துப் பார்த்தான். கீழே குனிந்து எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்த்தான். சொட்டவில்லை. பிறகு, கேட்காமலேயே, கடையின் கூரைத்துணியை ஒரு பக்கம் பிடித்துக் கட்டிக் கொடுத்தான். மணி அடித்தது. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பதினேழு வருடப் பழக்கத்தில், சொன்னான்:

"பன்னெண்டுக்கு ரெடியா இரு, கெளம்பணும்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"நீ கெளம்பு," என்றாள் டார்லா. "கடைசி பாட்டில் போற வரைக்கும் நான் இருப்பேன்."

அவள் குரல் கத்திக் கத்திக் கட்டிப்போயிருந்தது. அந்தக் கட்டைக் குரலிலேயே கேட்டாள்: "அப்புறம்? மீசை?"

வெண்டெல் மீசையை இரண்டு பக்கமும் தடவினான். "ஏறினா மட்டும் ஆச்சா? திரும்ப அந்தப் பக்கத்துலேருந்து ஏறணுமே."

"சரி, அப்ப சாயங்காலம் வரைக்கும் வச்சுக்கோ."

7

நான் ஆறு சிலிண்டர் வாங்கவில்லை. என் வண்டியைப் போன வாரம் மார்வினுக்கு ஓட்டிப் போனேன். ஆறாவது மைலில் கத்தியது. விட்டுவிட்டேன், கத்தட்டும் என்று.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு டார்லாவின் கடைசி பாட்டில் விற்றது. வெண்டெல் மீன் பிடிக்கப் போகாமல் அதுவரை கடைக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். டார்லா காலி டிரெய்லரோடு கிளம்பினாள். அவன் பின்னால் வந்தான். அன்று மாலை காலைச் சாப்பாட்டுக் கடைக்காரர் சவரக் கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு வாசலில் நிற்க, இரண்டு வண்டிகளும் வந்து நின்றன, வெண்டெல் கதவைத் திறந்து இறங்கி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் மீசையை

இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் காலை எடுத்துக்கொள்கிறேன். மீதியை நீங்கள் ஓட்டுங்கள். கத்தினால் பயப்படாதீர்கள்.