இடக்கையில் கொடுத்தது

வலப்பக்கக் கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் அப்பாவுக்கு உணர்ச்சி கிடையாது. அதனால் குமரன் அதை எப்போதும் கடைசிக்கு வைத்துக்கொள்வான். தோலை விரலால் இழுத்துப் பிடித்து ரேசரைக் கீழே இறக்கினான்.

"ஏலே குமரா, ஜெட்டு கெடச்சுதா இல்லையா?" வண்டிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்த கிங்ஸ்லி கேட்டான். குமரனோடு பள்ளியில் படித்தவன். கோயம்புத்தூரில் பழைய வண்டிகளை வாங்கி, ஒருவர் மட்டும் குனிந்து ஓட்டுகிற கஃபே ரேசர் பைக்காக மாற்றிக் கொடுக்கும் பட்டறை வைத்திருந்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் இங்கே வந்து உட்காருவான்.

"இல்ல."

"எலி தூக்கிட்டுப் போயிருக்குமோ?"

"எலி பித்தளைய வச்சு என்ன செய்யும்?"

"உங்க வீட்டு எலி சைவம்லா. கெடச்சதத் திங்கும்."

அப்பாவின் இடது உதட்டோரம் இழுத்துக்கொண்டது. அது சிரிப்பு. "பைய," என்றார்.

மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தபோது அப்பா திருஞானசம்பந்தத்தின் வலப்பக்கம் முழுவதும் போயிற்று. பேச்சில், மெதுவாக என்று பொருள்படும் அந்த ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தண்ணீருக்கும் பைய, ஒன்றுக்குப் போகவும் பைய, வலிக்கும் பைய. குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்துக் குமரன் பிரித்தறிவான். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு விக்கிரமசிங்கபுரத்துக்கு வந்தான். கட்டிலை விட்டு நாலடி தள்ளி, அவர் முப்பது வருடம் நூல் மில்லுக்கு ஓட்டிப்போன எஸ்டி மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்து வேலையை ஆரம்பித்தான். வேறு அறை இருந்தது. ஆனால் அங்கிருந்து அப்பாவின் பைய காதில் விழாது.

ஹேண்டிலைத் தாழ்த்தினான். டாங்கைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தான். அம்மா இருந்த காலத்தில் அவளும் அக்காவும் உட்கார்ந்து போன பின்சீட்டையும் அதைத் தாங்கிய சட்டத்தையும் கட்டரால் அறுத்தபோது அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இப்போது ஒருவர் மட்டும் உட்காரலாம். சீட்டுக்குப் பின்னால் திமில் மாதிரி ஒரு மேடுதான்.

சிறு சாமான்களைக் கழற்றும்போது அப்பாவின் இடது உள்ளங்கையில்தான் வைப்பான். அவர் விரலை மூடிப் பிடித்துக்கொள்வார். கேட்டால் திறப்பார். ஒரு வாஷர்கூடத் தொலைந்ததில்லை. ஏழு வாரத்துக்கு முன், கடைசி முறையாகக் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தபோது மெயின் ஜெட்டைக் கொடுத்தான். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் துண்டு. நடுவில் பெட்ரோல் போக ஒரு துளை. திரும்பக் கேட்டபோது அப்பா கையை விரித்தார். ஒன்றும் இல்லை. கட்டிலுக்கடியில், போர்வையில், சாக்கடை வாயில் எல்லாம் தேடியாயிற்று.

பங்குனி கழிந்ததும் அக்கா சித்ரலேகா அப்பாவைத் தூத்துக்குடிக்கு அழைத்துப் போவதாகப் பேச்சு. வண்டியைத் தயார் பண்ணி அதிலேயே கோயம்புத்தூர் போய்க் கிங்ஸ்லியோடு சேர்ந்துகொள்வதாகக் குமரன் சொல்லியிருந்தான்.

"வண்ணார்பேட்டையில கடைக்குக் கடை கெடக்கு," என்றான் கிங்ஸ்லி. "ஒரு நாள் பஸ் ஏறிப் போயி வாங்கிட்டு வந்தா என்னலே?"

"போவணும்."

"ஏழு வாரமா இதத்தான் சொல்லுத."

குமரன் துண்டால் அப்பாவின் முகத்தைத் துடைத்தான். அவர் தலையணைக்கடியில் இடக்கையை விட்டுத் திருநீற்றுச் சம்புடத்தை எடுத்தார். அதை யாரையும் தொடவிடமாட்டார். தொடையிடுக்கில் வைத்துத் தானே திறந்து, தானே பூசி, தானே மூடுவார். கோடு நெற்றியில் கோணலாக விழும்.

கிங்ஸ்லி கிளம்பினான். குமரன் ரேசரைக் கழுவி, கஞ்சியைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு வந்தான். அப்பா வண்டியைப் பார்த்தபடி இருந்தார். டம்ளரை உதட்டில் வைத்தபிறகுதான் மூச்சு இல்லை என்று தெரிந்தது.

பதினோரு மணிக்குள் தெரு நிறைந்துவிட்டது. தூத்துக்குடியிலிருந்து அக்காவும் வந்துவிட்டாள். அப்பாவோடு மில்லில் வேலை பார்த்த மாடக்கண்ணு அண்ணாச்சி வந்து பொறுப்பெடுத்துக்கொண்டார்.

"அவியள நடுவுல கெடத்தணும். அந்த வண்டிய அங்கன தள்ளுங்கலே. சாவு வீட்டுல மாப்பிள்ளை கெணக்கா நிக்கி."

இரண்டு பேர் பிடித்துச் சுவரோரம் நகர்த்தினார்கள். அப்பா கிடக்க வேண்டிய இடத்தில் ஆயில் கறை வட்டமாக இருந்தது. குமரன் குந்தி உட்கார்ந்து துணியால் தேய்த்தான். போகவில்லை. அதன்மேலேயே பாயை விரித்தார்கள்.

குளிப்பாட்டிக் கொண்டுவந்து கிடத்தியதும் அண்ணாச்சி சொன்னார்: "திருநீறு கொண்டா தாயி. அவிய சம்புடத்தையே எடு."

அக்கா தலையணைக்கடியிலிருந்து எடுத்து மூடியைத் திறந்தாள். விரலை விட்டவள் நின்றுவிட்டாள். வெள்ளைப் பொடி ஒட்டிய ஒரு பித்தளைத் துண்டை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

"இதத்தான தேடுன?"

கூட்டத்தில் கிங்ஸ்லி நின்றிருந்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அது என்னம்மா, தாயத்து கீயத்தா?" அண்ணாச்சி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"வண்டிச் சாமான், அண்ணாச்சி," என்றான் குமரன்.

"அதயும் இதுலயா வச்சிருந்தாவ? சரி, அப்புறம் பாப்போம். நேரமாவுது. நெத்தி நெறையப் பூசு. கோடு நேரா வரட்டும்."

குமரன் மூன்று விரலில் திருநீற்றை எடுத்தான். வழித்து மழமழவென்று இருந்த முகம். வலது காதுக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் வெள்ளை முடி விட்டுப்போயிருந்தது. காலையில் கண்ணில் படவில்லை. நேராக இழுத்தான். கோடு நேராகத்தான் வந்தது. ஆனால் முகம் வேறு யாரோ மாதிரி இருந்தது.

ஆற்றங்கரையில் காரியம் முடிந்தது. பதினாறும் கழிந்தது. கட்டிலை மடக்கி வேனில் ஏற்றிக்கொண்டு அக்கா புறப்பட்டாள். கடைசி நேரத்தில் வாசலுக்கு வந்து கேட்டாள்.

"எப்பம்லே கெளம்புத?"

"போவணும்."

"ஜெட்டுதான் கெடச்சாச்சே."

அவன் தலையாட்டினான். வேன் பக்கம் நடந்த அக்கா திரும்பினாள்.

"அவிய வச்சுக்கிட்டாவ. சரி. நீ ஏன் வேற வாங்கல?"

வேன்காரன் ஹாரன் அடித்தான். அவள் போய் ஏறிக்கொண்டாள்.

இப்போது வீட்டில் யாரும் பைய என்று கூப்பிடுவதில்லை. கட்டில் இருந்த இடத்திலும் வண்டியைத் தள்ளி நிறுத்தலாம். குமரன் நிறுத்தவில்லை. காலையில் குளித்துவிட்டு வந்து சம்புடத்தைத் திறக்கிறான். ஜெட்டை விரலால் ஓரமாக ஒதுக்கிவிட்டுத் திருநீறு எடுத்துப் பூசிக்கொள்கிறான். மூடிவைக்கிறான். சுவரோரம் விரித்த பேப்பரில், அடிக்கிண்ணம் கழற்றிய கார்புரேட்டர் மல்லாந்து கிடக்கிறது. ஜெட் திருகும் துளை காலியாக இருக்கிறது.