ஆஃப் ஷிஃப்ட் டைட்டஸும் இரண்டு கேஜும்

தங்கச் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டன் முழுக்க டைட்டஸுக்கு ஒரே பெயர்தான், ஆஃப் ஷிஃப்ட், அதாவது அரை ஷிஃப்ட். சுரங்கம் ஓடிய காலத்தில், வேலை முடியுமுன்னே வயிற்றுவலி என்று சொல்லிக் கேஜில் ஏறி மேலே வந்துவிடுகிறவனை அப்படிச் சொல்வார்கள். கேஜ் என்றால் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டு. டைட்டஸ் அதில் கால்கூட வைத்ததில்லை. தினமும் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய்வரும் ஸ்டோர்ஸ் கிளார்க் அவர். ஆனாலும் அந்தப் பெயர் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அவருக்குப் பொருந்தியிருந்தது. வீட்டைச் சுற்றி எழுப்ப ஆரம்பித்த காம்பவுண்ட் சுவர் முழங்கால் உயரத்தில் நின்றுபோனது. சர்ச்சில் வாசிக்கிறேன் என்று வாங்கிய கீபோர்டில் இரண்டு கீர்த்தனைக்கு மேல் விரல் நகரவில்லை, அதிலும் ஒன்றுக்கு முடிவு தெரியாது. இதையெல்லாம் அவரே சொல்லிச் சிரிப்பார். அடுத்தவன் சொல்லுமுன் நாமே சொல்லிவிட்டால் அவ்வளவாக வலிக்காது என்பது அவர் கண்ட அனுபவம்.

மகள் இசபெல்லாவுக்குச் சம்பந்தம் பேச வந்த பெங்களூர்க்காரர்களுக்கு மட்டும் இந்தப் பெயர் தெரியாது. மாப்பிள்ளை ஷெர்வினின் அப்பா ஹரோல்ட் ஒரு சைக்கிள் பைத்தியம். டீ ஆறுவதுகூடத் தெரியாமல் தன் குழுவைப் பற்றியே பேசினார். ஆளாளுக்குப் பழங்காலத்து சைக்கிள் வைத்திருக்கிறார்களாம், சிலர் சொல்லிச் செய்த க்ரூஸர் சைக்கிள் வைத்திருக்கிறார்களாம், விடிந்தால் மைசூர், விட்டால் ஊட்டி என்று கிளம்பிவிடுவார்களாம்.

"நீங்க சைக்கிள் ஓட்டுவீங்களா பிரதர்?"

ஓட்டுவேன் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். டைட்டஸின் வாய் எப்போதும் அவரைவிட நாலு அடி முன்னால் நடக்கும்.

"லாங்கு போவேன் பிரதர். க்ரூஸர்தான்."

பிஸ்கட் தட்டோடு வந்த ஜெனிட்டா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். புருஷன் கடைசியாக சைக்கிள் மிதித்தது மகள் பிறக்குமுன்.

"அப்ப நிச்சயத்துக்கு முன்னாடி ஒரு ரைடு போயிடலாம். உங்க ஊர்ல இருந்து என் வீட்டு வாசல் வரைக்கும். எங்க ஆளுங்க எல்லாம் மாலையோட நிப்பாங்க," என்றார் ஹரோல்ட்.

அவர்கள் போனதும் ஜெனிட்டா, "இன்னாங்க இது, உங்களுக்குப் பொண்ணு கல்யாணம் நடக்கணும்னு ஆசை கீதா இல்லையா?" என்று கேட்டாள். டைட்டஸுக்குப் பயமாக இருந்தது. இதையும் பாதியில் விட்டால், ஆஃப் ஷிஃப்ட் என்ற பெயர் மகளோடு புகுந்த வீட்டுக்குக் குடிபோகும். இந்த ஒன்றை மட்டுமாவது முழுசாக முடித்துவிட வேண்டும் என்று அவர் உண்மையாகவே ஏங்கினார்.

பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டில் வெல்டிங் கடை வைத்திருக்கும் ஆர்தர், போனில் காட்டிய படத்தைப் பார்த்தே க்ரூஸர் செய்து தருவதாகச் சொன்னார். பழைய கனத்த சைக்கிள் ஒன்றை வாங்கி அறுத்து, நீட்டி, வளைத்தார். டயர் தொந்தி போட்டிருந்தது. ஹேண்டில்பார் எருமைக் கொம்பு. சீட் அத்தனை தாழ்வு, உட்கார்ந்தால் சைக்கிளில் இருக்கிறோமா சலூனில் இருக்கிறோமா என்று சந்தேகம் வரும். இந்த நேரத்தில் ஹரோல்டிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"வெயில் ஜாஸ்தி பிரதர். கேஜ் ரெண்டாவது வெச்சுக்குங்க. ஒண்ணு பத்தாது."

வெயிலுக்கும் கேஜுக்கும் என்ன சம்பந்தம் என்று டைட்டஸுக்குப் புரியவில்லை. கேட்டால் லாங்கு போகிறவர் குட்டு வெளிப்பட்டுவிடும். மெசேஜை அப்படியே ஆர்தருக்குத் தள்ளிவிட்டார்.

ஆர்தர் அதைக் கேட்டு உள்ளம் குளிர்ந்துபோனார். "கேஜுன்னா எனக்குத் தெரியாதா டைட்டஸு. வாழ்நாள் பூரா அதுல ஏறி எறங்குனவன்பா நானு," என்றவர் இரண்டே நாளில் செய்து முடித்தார். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு இரும்புக் கூண்டு. ஒவ்வொன்றுக்கும் கம்பிக் கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள், மேலே சின்னதாக ஒரு கூரை. எல்லாம் ஃபிரேமோடு சேர்த்து வெல்டிங், ஜென்மத்துக்கும் கழலாது.

"ஆளு போவ முடியாது. கோழி போவும்," என்றார் ஆர்தர்.

ரைடு அன்று விடிகாலையில் ஹரோல்ட் டெம்போவில் வந்து இறங்கினார். அவருடைய சைக்கிள் ஏதோ ராஜா வீட்டுப் பொருள் போலப் போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. இஸ்திரி போட்ட சட்டை, தோல் ஷூ, தலையில் தொப்பி. அவர் க்ரூஸரை ஒருமுறை சுற்றி வந்து, தாழ்ப்பாளைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"இது என்னது பிரதர்?"

"கேஜ். நீங்க சொன்னீங்களே."

"நான் சொன்னது வாட்டர் பாட்டில் சொருகுற கேஜ். சின்னக் கம்பி வளையம்."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. டைட்டஸ் ஒரு கூண்டின் கதவைத் திறந்து காட்டினார். "இதுலயும் பாட்டில் வெக்கலாம் பிரதர்," என்றார் மெல்ல. "நெறைய வெக்கலாம்." ஜெனிட்டா ஒரு கூண்டில் தண்ணீர் பாட்டில்களையும் இன்னொன்றில் புளிசோற்றையும் வைத்துத் தாழ்ப்பாள் போட்டாள். அவள் சிரிப்பை அடக்குகிறாளா அழுகையை அடக்குகிறாளா என்று டைட்டஸால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பங்காரப்பேட்டை வரை மானம் மிதித்தது. அங்கே ஹரோல்டுக்கு முக்கியமான போன் ஒன்று வந்தது. பேசி முடித்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளோடு டெம்போவில் ஏறிக்கொண்டார். டெம்போ டைட்டஸைத் தாண்டி முன்னால் போனது, திரும்பி வரவில்லை. அதன்பின் டைட்டஸும் வெயிலும் கேஜும்தான். ஒவ்வொரு மேட்டிலும் இரண்டு கூண்டும் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தன. ஒரு கன்னடத்துப் பாட்டி வழியை மறித்து, உள்ளே நாட்டுக் கோழி இருக்கிறதா, என்ன விலை என்று கேட்டாள். புளிசோறு என்று சொல்லக்கூட அவருக்கு மூச்சு இல்லை. டேக்கல் என்ற ஊரை நெருங்கும்போது தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. இறங்கித் தள்ளினார். தள்ளவும் முடியாமல் ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார்.

பாதிகூட வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆஃப் ஷிஃப்ட் என்ற பெயருக்கே லாயக்கில்லாமல் போய்விட்டோமே என்று நினைத்தார். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

சற்றுத் தள்ளி நிழலில் டெம்போ நின்றிருந்தது. ஹரோல்ட் முன்சீட்டில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். டைட்டஸ் கதவைத் தட்டியதும் விழித்து, கொஞ்சமும் வெட்கப்படாமல் நகர்ந்து இடம் விட்டார்.

"ஏறுங்க பிரதர். எல்லாரும் இப்டிதான். என் வீட்டுக்கு ரெண்டு தெரு முன்னாடி எறங்கி மிதிச்சா போதும். போட்டோவுல அதான் வரும்."

"மைசூர், ஊட்டி எல்லாம்?"

"போட்டோ சூப்பரா வந்திருக்கு."

வழியெல்லாம் டைட்டஸ் கழுத்தில் விழப்போகும் மாலையை நினைத்துக்கொண்டே வந்தார். இரண்டு தெரு மிதித்தால் அந்தப் பட்டப்பெயர் ஒழிந்துவிடும். ஊருக்குப் போட்டோ அனுப்பலாம், சர்ச்சில் காட்டலாம். ஹரோல்ட் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால் டெம்போ நின்றது, இரண்டு சைக்கிளும் இறங்கின. ஹரோல்ட் முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு ஏறி மிதித்தார். டைட்டஸ் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார். நேர்மை என்று பிற்பாடு சொல்லிக்கொள்ள அவருக்கு ஆசைதான். உண்மையில் முதலில் மறுத்தது கால், மனசு அதற்குப் பிறகுதான் மறுத்தது. க்ரூஸரைத் திரும்ப மேலே ஏற்றச் சொல்லிவிட்டு டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

டெம்போ போய்ச் சேர்ந்தபோது ஹரோல்டின் கழுத்தில் மாலை விழுந்திருந்தது, எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். டெம்போவிலிருந்து டைட்டஸ் தொடையைப் பிடித்துக்கொண்டு இறங்கியதும் கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. காலை ரயிலில் வந்து சம்பந்தியம்மாவோடு நின்றிருந்த இசபெல்லா அப்பாவையே பார்த்தாள். குழுவில் ஒருவர் வீடியோ எடுத்தபடி அருகில் வந்தார்.

"சார் நீங்க எங்க விட்டுட்டீங்க?"

"டேக்கல்ல."

"ஹரோல்ட் சார் ஃபுல்லா வந்துட்டாரு, இல்ல?"

மாலைக்கு மேலிருந்து ஹரோல்டின் கண்கள் டைட்டஸைக் கெஞ்சின. சொல்லலாம். சொன்னால் பெயர் இரண்டு பேருக்கும் சமமாகப் பங்காகும். ஆனால் நாளைக்கு மகள் வாழப்போகும் வீடு அது.

"அவரா," என்றார் டைட்டஸ். "அவரு பங்காரப்பேட்டையிலயே என்னை விட்டுட்டு முன்னாடி போயிட்டாரு. அப்பறம் நான் எங்க புடிக்கிறது."

எல்லோரும் சிரித்தார்கள், ஹரோல்டும் சிரித்தார். இசபெல்லா மட்டும் மாமனாரின் மடிப்புக் கலையாத சட்டையைப் பார்த்தாள், பிறகு அப்பாவின் சட்டையில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்ததைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"டேக்கல்னா பாதிகூட இல்லையேப்பா," என்றாள் மெதுவாக.

"இல்லம்மா."

"பங்காரப்பேட்டையே தாண்ட மாட்டாருன்னு மம்மி காலையில போன்ல அழுதாங்க."

டைட்டஸ் தொடையை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு, "தாண்டிட்டேன்னு சொல்லு," என்றார்.